முன் இடது சில்லு

எங்கள் மோட்டார் திருத்துநர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறதாம். செயலாளர் போன மாதம் குருநகரில் என் வீட்டுக்கு வந்து, பிளேன்ரீ குடித்துக்கொண்டே கேட்டார்.

“தாசண்ணை, தடைக்காலத்திலை சாமான் ஒண்டும் இல்லாமல் கார் ஓட்டின கதையை ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்கோ. மண்ணெண்ணெயிலை எஞ்சின் ஓட்டினது, சைக்கிள் குண்டு வைச்சுப் பிறேக் பைப்பை அடைச்சது, உதுகளைக் கேட்டால் இப்பத்தைப் பெடியள் வாயைப் பிளப்பாங்கள். முதல் பக்கத்திலை உங்கடை முதலாளி இராசநாயகத்தாற்றை படம் வருது. அவரைப் பற்றியும் ரெண்டு வசனம் போடுங்கோ.”

ஓம் என்று சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு எனக்கு வந்த கோபத்தில் குடித்த கோப்பையைக்கூடக் கழுவ மனம் வரவில்லை. சைக்கிள் குண்டு வித்தையாம். வாயைப் பிளப்பார்களாம். நான் என் கையால் வைத்த ஒரு சைக்கிள் குண்டால், சில்லுக்குள் உருளுகிற அந்தச் சின்ன இரும்பு உருண்டையால், ஒரு மனிதன் செத்தான். இன்னொருவன் சிறைக்குப் போனான். போனவனின் பெயர் தவராசா, புத்தூர்க்காரன். வெறியில் கார் ஓடி ஆளைக் கொன்றவன் என்ற பெயரோடு இன்றுவரை அந்த ஊரில் திரிகிறான். அவன் வாழ்நாளில் ஒரு சொட்டும் குடித்தவன் இல்லை. நாலு பக்கம் கேட்டார்கள். நாலு பக்கமும் அவனுக்காகத்தான்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடற்றொழில் குடும்பம். எனக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் வாந்தி. மூன்றாம் தரமும் வலையை விட்டுவிட்டு வள்ளத்தின் விளிம்பைக் கட்டிப் பிடித்ததும், அப்பா “உவன் கரைக்குத்தான் சரி” என்று சொல்லி, தெரிந்த ஒருவர் மூலம் பருத்தித்துறை வீதியில் இருந்த இராசநாயகத்தாரின் கராஜில் கொண்டுபோய் விட்டார். முதல் மூன்று வருடம் கார்ச் சில்லுக் கழற்றினேன், பாகங்கள் கழுவினேன், பேச்சு வாங்கினேன். நாலாம் வருடம் பிறேக் வேலையை என்னிடம் தந்தார்கள். ஓய்வு எடுக்கும் வரைக்கும் அதுதான் என் வேலை.

இராசநாயகத்தார் தொழிலில் வெகு கெட்டிக்காரர். அதை மறைக்க எனக்கு மனம் இல்லை. வெள்ளை வேட்டியோடு கராஜுக்குள் நிற்பார், ஒரு துளி எண்ணெய் படாது. ஒருநாளும் குரல் உயர்த்த மாட்டார். எல்லோரையும் “தம்பி, நீர்” என்றுதான் கூப்பிடுவார். பிறேக் வேலை முடிந்த காரை அவர் பார்க்காமல் வெளியே விட முடியாது. சாரதி ஆசனத்தில் ஏறியிருந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் காலால் பெடலை மூன்று தரம் மிதிப்பார். “ஒண்டு, ரெண்டு, மூண்டு.” மூன்றாம் மிதியில் பெடல் முதல் மிதியில் நின்ற அதே இடத்தில் நிற்க வேண்டும். ஒரு விரற்கடை உயர்ந்து நின்றாலும் இறங்கி வந்துவிடுவார். “காத்து இருக்குது தம்பி. திருப்பிப் பாரும்.” அவ்வளவுதான். நாங்கள் திரும்பவும் நாலு சில்லையும் கழற்றுவோம்.

சில்லுக்குள் பிறேக்கைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் விஷயத்தில் அவருக்குச் சட்டம் ஒன்று இருந்தது. இடது பக்கத்தில் ஒழுகினால் வலது பக்கத்தையும் மாற்ற வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் பிறேக் வித்தியாசமாய்ப் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும் என்று ஆயிரம் தரம் சொல்லியிருப்பார். இப்படிச் சட்டம் பேசிய மனிதர் பிறகு செய்ததை நினைக்கத்தான் எனக்கு இன்னும் கூடக் கோபம் வருகிறது. தெரியாதவன் செய்தால் மடையன் என்று விட்டுவிடலாம்.

தடைக்காலத்தில், யுத்தத்தைக் காட்டி அரசாங்கம் பாதையைப் பூட்டியிருந்த நாளில், கொழும்பிலிருந்து ஒன்றும் வரவில்லை. பெற்றோல் இல்லை, ரயர் இல்லை, பிறேக் எண்ணெய் இல்லை. ஆமணக்கெண்ணெயில் ஸ்பிரிட்டைக் கலந்து பிறேக்குக்கு ஊற்றினோம். சிலிண்டருக்குள் இருக்கிற இறப்பர்க் கப் தேய்ந்துவிட்டால் மாற்றுக்குக் கப் கிடையாது. அப்போதுதான் அந்தக் குண்டு வந்தது. ஒழுகுகிற சில்லுக்குப் போகிற பைப்பின் நட்டைக் கழற்றி, மூட்டுக்குள் ஒரு சிறிய சைக்கிள் குண்டைப் போட்டு, நட்டைத் திருப்பி இறுக்கினால் எண்ணெய் அதற்கு அப்பால் போகாது. அந்தச் சில்லுக்குப் பிறேக் இல்லை, மற்ற மூன்றுக்கும் உண்டு. வெளியில் இருந்து பார்த்தால் பைப் இருக்கும், நட்டு இருக்கும், எல்லாம் சரியாய் இருக்கும்.

இளைப்பாறிய தபாலதிபர் ஒருவரின் ஏ போட்டி (A40) என்கிற பழைய காருக்கு நான் அப்படிச் செய்தேன். முன் இடது சில்லு. அவருடைய மனைவியை வாரத்துக்கு ஒரு தரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது, வேறு வழி இல்லை. இராசநாயகத்தார் அன்று என் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்.

“இது பிறேக் இல்லை தம்பி, சமாளிப்பு. சாமான் வாற அண்டைக்கே உந்தக் குண்டு வெளியிலை வரவேணும்.”

தபாலதிபருக்கும் சொன்னோம். பிறேக் பிடித்தால் கார் வலப்பக்கம் இழுக்கும், ஸ்ரியறிங்கை இடப்பக்கம் இறுக்கிப் பிடியுங்கோ, மெல்ல ஓடுங்கோ என்று. அந்த நாளில் வீதியில் என்ன இருந்தது? சைக்கிளும் மாட்டு வண்டிலும். எதிரே ஒரு வாகனம் வந்தால் சனம் நின்று பார்க்கும். மூன்று சில்லுப் பிறேக்கோடு ஊரே ஓடித் தப்பியது. தப்பினோம் என்பதற்காக அதைக் கெட்டித்தனம் என்று மலரில் போடுகிறார்கள். சாமான் தராதவர்கள் செய்த அநியாயத்தை எங்கள் பெருமையாக நாங்களே எழுதிக்கொள்கிறோம். இதைவிட வெட்கக்கேடு என்ன இருக்கிறது?

பாதை திறந்து சாமான் வந்தது. வந்த காரெல்லாவற்றிலும் குண்டுகளைக் கழற்றினோம். தபாலதிபரின் கார் மட்டும் வரவில்லை. மனைவி தவறிய பிறகு அவர் அதைக் கொட்டிலுக்குள் விட்டுவிட்டார். பிறகு பிள்ளைகள் அவரை வெளிநாட்டுக்குக் கூப்பிட, காரைத் தவராசாவுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார். குண்டைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஞாபகம் வரவில்லை போலும்.

தவராசா தோட்டக்காரக் குடும்பம். புகையிலையை விட்டுவிட்டு வாடகைக் கார் வைத்து ஹயர் ஓடப் புறப்பட்டவன். அந்தக் காரை அவன் வைத்திருந்த வடிவைப் பார்க்க வேண்டும். வாரம் ஒரு தரம் மஞ்சள் துணியால் துடைப்பான், பின் ஆசனத்துக்கு உறை தைத்துப் போட்டிருந்தான். வாங்கி ஒரு மாதத்துக்குள் கராஜுக்கு வந்தான்.

“அண்ணை, பிறேக் பிடிச்சால் வலப்பக்கம் இழுக்குது. ஒருக்கால் பாருங்கோ.”

காரைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வைத்த குண்டு எனக்கு மறக்குமா? காரை உயர்த்துகிற ஜக்கை எடுக்கப் போனேன். இராசநாயகத்தார் கையைக் காட்டி என்னை உள்ளே கூப்பிட்டார்.

“முன் சிலிண்டர் கையிலை இல்லை தம்பி. கொழும்புக்குச் சொல்லிவிடுவம். சாமான் வந்தாப் பிறகு ஆறுதலாய்ச் செய்வம்.”

“முதலாளி, குண்டு இருக்கெண்டு அவனுக்குச் சொல்லவேணும். காரை ஓடாமல் நிப்பாட்டச் சொல்லுவம்.”

“திருவிழாக் காலம். பெடியனுக்கு நாளாந்தம் ஹயர். நிப்பாட்டச் சொன்னால் வேறை கராஜுக்குப் போவான். அங்கை நட்டைக் கழட்டினால் என்ன வரும்? பாதை திறந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும் எங்கடை அடைப்போடை கார் ஓடுது எண்டு ஊர் முழுக்கக் கதைக்கும். கொஞ்சம் பொறும்.”

வெளியே வந்து, தவராசாவின் தோளில் கையைப் போட்டு, “பிறேக் லைனர் கொஞ்சம் தேஞ்சிருக்கு தம்பி. ஸ்ரியறிங்கை இடப்பக்கம் இறுக்கிப் பிடியும். சாமான் வந்த உடனை சொல்லிவிடுறன்” என்றார். அவன் நம்பினான். இராசநாயகத்தார் சொன்னால் நம்பாதவர் யார்? நான் ஸ்பனரைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

பன்னிரண்டு நாள். தவராசா இரண்டு தரம் வந்து “சாமான் வந்திட்டுதோ?” என்று கேட்டுவிட்டுப் போனான். பன்னிரண்டாம் நாள் பின்னேரம் கொழும்பு லொறியில் பெட்டி வந்தது. நான்தான் இறக்கினேன். “இண்டைக்கே ஆளனுப்புவமோ?” என்று கேட்டேன். “நாளைக்கு விடியக் கோயிலுக்கு ஆக்களை ஏத்திறான். முடிச்சிட்டு வரட்டும்” என்று சொல்லிப் பெட்டியை அலுமாரியில் வைத்தார்.

அடுத்த நாள் காலை எட்டு மணி இருக்கும். தவராசா கோயிலில் சனத்தை இறக்கிவிட்டு வெறும் காரோடு திரும்பி வந்துகொண்டிருந்தான். வேலிக்குள் இருந்து ஒரு மாடு குறுக்கே பாய்ந்தது. பிறேக்கை மிதித்தான். எந்தச் சாரதியும் மிதிப்பான். மூன்று சில்லுப் பிறேக் என்ன செய்யுமோ அதைச் செய்தது. கார் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், எதிரே சைக்கிளில் வந்த சின்னத்தம்பி என்பவரை அடித்தது. கத்தரிக்காய் மூட்டையோடு எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த தோட்டக்காரர். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார்.

பொலிஸ் தவராசாவைக் கொண்டுபோய்விட்டது. காரைப் பரிசோதகர் வந்து பார்க்கும் வரைக்கும் கிட்ட இருந்த கராஜில் விடச் சொன்னார்கள். கிட்ட இருந்தது எங்கள் கராஜ். கட்டி இழுத்து வந்து விட்டுவிட்டுப் போனார்கள். பரிசோதகர் மறுநாள் வருவதாய் இருந்தது.

மத்தியானம் இராசநாயகத்தார் மற்றவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு கேற்றைப் பூட்டினார். அலுமாரியைத் திறந்து பெட்டியை எடுத்து என் கையில் தந்தார்.

“போடும் தம்பி.”

“முதலாளி, இது பொலிஸ் பிடிச்சு வைச்சிருக்கிற கார்.”

“குண்டு வைச்சது ஆற்றை கை?” அதே மெல்லிய குரல். “நீர்தான் வைச்சனீர். நான் உம்மைக் காட்டிக் குடுக்கப் போறதில்லை. இந்தக் கராஜிலை ஏழு குடும்பம் சாப்பிடுது. யோசிச்சுச் செய்யும்.”

நான் யோசிக்கவில்லை. செய்தேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகத் திருத்தமான பிறேக் வேலை அதுதான். இதைச் சொல்ல வாய் கூசுகிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும். காரை ஜக்கில் ஏற்றி மரக்குற்றியில் இருத்தினேன். இரண்டு முன் சில்லுகளையும் கழற்றினேன். அட்ஜஸ்ரரைத் தளர்த்தி, சில்லோடு சுற்றுகிற பிறேக் ட்றம்மைச் சுற்றிவரத் தட்டித் தட்டி இழுத்தேன். இடது ட்றம் உள்ளே துருப்பிடித்துக் கிடந்தது. வலது ட்றம் கண்ணாடி போல மினுங்கியது. இவ்வளவு காலமும் எந்தப் பக்கம் வேலை செய்தது, எந்தப் பக்கம் சும்மா இருந்தது என்று யாருக்கும் தெரியும். துருவை எமெறித் தாளால் தேய்த்து எடுத்தேன். ஸ்பிறிங்குகள் எந்த ஓட்டையில் கொழுவியிருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொண்டு, பிறேக் சூக்களைக் கழற்றினேன். பைப் நட்டுக்கு அளவான ஸ்பனரைப் போட்டு மெல்லத் திருப்பினேன். குண்டு என் உள்ளங்கையில் விழுந்தது. இராசநாயகத்தார் கையை நீட்டி அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

இரண்டு பக்கமும் புதுச் சிலிண்டர்கள். சட்டம் சட்டம்தானே! கப்புகளைப் பிறேக் எண்ணெயில் தோய்த்துப் போட்டேன், வெறும் இறப்பராய்ப் போட்டால் மடிந்துவிடும். பெற்றோல் பட்டால் இறப்பர் ஊதிவிடும், அதைக் கிட்டவும் கொண்டுபோகவில்லை. எல்லாம் பூட்டி முடிய, தூரத்தில் இருக்கிற பின் இடது சில்லில் தொடங்கி ஒவ்வொரு சில்லாய்க் காற்று எடுத்தோம். பெடல் மிதிக்க ஆள் இல்லை. அவரே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியிருந்து மிதித்தார். நான் கீழே கிடந்து, போத்தலுக்குள் விட்ட குழாயில் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். “ஒண்டு, ரெண்டு, மூண்டு.” குமிழி நின்றது. பெடல் கல்லுப் போல நின்றது. பிறகு பழைய கிறீஸையும் நிலத்து மண்ணையும் குழைத்துப் புதுச் சிலிண்டர்களில் பூசச் சொன்னார். அதையும் பூசினேன்.

மறுநாள் பரிசோதகர் வந்தார். பெடலை மிதித்தார், வளவுக்குள் கொஞ்சத் தூரம் ஓடிப் பிறேக் பிடித்தார். கார் நேராய் நின்றது. “பிறேக் நல்ல நிலையில் உள்ளது” என்று எழுதிக்கொண்டு, இராசநாயகத்தார் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். சில்லைக் கழற்றிப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. கழற்றியிருந்தால் அன்றே எல்லாம் வெளிவந்திருக்கும். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனாலும் கோபம் வருகிறது.

நீதிமன்றத்தில் தவராசா “கார் வலப்பக்கம் இழுத்தது ஐயா, கராஜிலும் சொன்னனான்” என்று சொல்லியிருக்கிறான். இராசநாயகத்தாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “லைனர் கொஞ்சம் தேய்ந்திருந்தது என்றுதான் சொன்னேன், பிறேக்கில் பிழை இல்லை” என்றார். பரிசோதகரின் அறிக்கையும் அதையே சொன்னது. தவராசாவுக்கு மறியல். லைசென்சும் போயிற்று. பிறேக் நல்லது, சாரதி கூடாது என்றால் சனம் என்ன நினைக்கும்? கோயிலால் வரும்போது எங்கேயோ நின்று குடித்திருக்கிறான் என்று யாரோ ஒருவர் சொல்ல, எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

நான் என்ன செய்தேன்? நாங்கள் கத்தோலிக்கர்; பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொன்னேன். “அந்த மனிசனிட்டைப் போய்ச் சொல்லு. பிறகு என்னட்டை வா” என்றார். நான் அவனிடமும் போகவில்லை, சுவாமியாரிடமும் திரும்பிப் போகவில்லை. வேறு கோயிலில் வேறு சுவாமியாரைப் பிடித்துக்கொண்டேன். அவரிடம் பொய் சொன்னது, கோபத்தில் ஆளைப் பேசியது போன்ற சில்லறைப் பாவங்களை மட்டும் சொன்னேன். என்னைப் போல ஒரு கோழையை நான் கண்டதில்லை. இராசநாயகத்தார் நல்ல சாவாய்ச் செத்தார். ஊரே திரண்டு போனது. நானும் பாடை தூக்கினேன்.

இப்போது மலர். முதல் பக்கத்தில் அவர் படம். உள்ளே என் கெட்டித்தனம். போன கிழமை செயலாளருக்குப் போன் எடுத்து, நான் இதைத்தான் எழுதப் போகிறேன் என்று முழுவதையும் சொன்னேன்.

“அண்ணை, செத்த மனிசனைப் பற்றி இப்ப என்னத்துக்கு…”

“செத்தது ரெண்டு பேர் தம்பி. நீர் ஆரைச் சொல்லுறீர்?”

போடுவார்களோ போடமாட்டார்களோ, எழுதிக் கொடுப்பேன். ஆனால் தவராசா இதை மலரில் படித்து அறியக் கூடாது என்று பட்டது. மறுநாள் காலை பஸ் ஏறிப் புத்தூருக்குப் போனேன்.

வெங்காயத் தோட்டத்தில் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாறிக்கொண்டு நின்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டு சிரித்தான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வரம்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குண்டு, பெட்டி, மத்தியானம் பூட்டிய கேற்று, ஒன்றையும் விடவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டான். வாய்க்கால் நிரம்பி வழிந்தது, அவன் கவனிக்கவில்லை.

“அப்ப நான் ஸ்ரியறிங்கை விடேல்லையோ?”

“இல்லை.”

“கடைசி நேரத்திலை பயத்திலை கையை விட்டிட்டன் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருக்கிறன் அண்ணை. பொலிசும் அதைத்தான் கேட்டவங்கள். எத்தினை வருசமாய் எனக்கு நானே…” பிறகு அவன் முகம் மாறியது. “ரெண்டு தரம் வந்து கேட்டனான். ரெண்டு தரமும் நீங்கள் அங்கை நிண்டனீங்கள். வாயிலை என்ன வைச்சிருந்தனீங்கள்?”

மன்னித்துக்கொள் என்று தொடங்கினேன். கையால் மறித்தான்.

“எனக்கு உது வேண்டாம். என்ரை காரிலை அடிபட்ட மனிசன்ரை பெண்சாதி அடுத்த ஒழுங்கையிலைதான் இருக்கிறா. என்னைக் கண்டால் இண்டைக்கும் காறித் துப்பிப்போட்டுத்தான் போறவ. நடவுங்கோ. அவவிட்டைச் சொல்லுங்கோ.”

காலைக்கூடக் கழுவாமல் முன்னே நடந்தான். நான் பின்னால் போனேன். சின்னத்தம்பியின் மனைவி முற்றத்தில் மிளகாய் காயவிட்டுக்கொண்டிருந்தா. வேலிப் படலையில் தவராசாவைக் கண்டதும் எழும்பி, “இஞ்சை என்னடா உனக்கு அலுவல்?” என்று கத்தினா. அவன் என்னைக் காட்டினான். நான் படலைக்கு வெளியே நின்று, சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னேன். நடுவில் இரண்டு தரம் “பிறேக்கை அடைச்சது ஆர்?” என்று கேட்டா. இரண்டு தரமும் “நான் அடைச்சது அம்மா” என்றேன்.

அவ கையில் இருந்த மிளகாயைப் பாயில் போட்டுவிட்டு நிமிர்ந்தா.

“அப்ப இவ்வளவு காலமும் நான் ஆரைத் திட்டினனான்?”

அவ வந்து படலையைத் திறந்தா.

“உள்ளுக்கை வா தம்பி” என்றா தவராசாவிடம். அவன் சேற்றுக் காலைப் பார்த்துத் தயங்கினான். “பரவாயில்லை, வா.” அவன் உள்ளே போனதும், என் முகத்தைப் பார்க்காமலே படலையைச் சாத்தினா.